முன்பக்கம் வைத்த பொட்டு

பெரியவனுடைய மகன் அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிவிட்டான். நாலு படுக்கை அறை, பின்னால் தோட்டம். அவன் தங்கை கண் டாக்டர் படிப்பை முடித்து, மேடையேறி மெடல் வாங்கினாள். மகள் வயிற்றுப் பேத்திக்குக் கல்லூரி முடிவதற்கு முன்பே கம்பெனிக்காரர்கள் வந்து வேலை கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு காஞ்சிபுரம் பட்டு வந்தது. அவளுடைய தம்பி கார்த்திக், கொண்டாப்பூரில் ஃப்ளாட் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் படங்களை நடக்கவும் ஆடவும் வைக்கிற வேலையில் இருக்கிறான். அவனுக்குக் கீழே ஒரு கும்பலே வேலை செய்கிறது. அஞ்சாங்கிளாஸோடு நின்றவளின் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகள் இவர்கள். யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நீ இருந்தால் என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். "எல்லாம் பாஸ், சரி. வாயால சொன்னா ஆச்சா? புதுசா ஒரு போட்டோ எடுத்து தபால்ல போடு." மகனோடு நாசிக்கில் போய் இருந்த வருஷமெல்லாம் உன் கடிதம் இப்படித்தான் முடியும். நானும் ஒவ்வொரு பிள்ளையாகப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். நீ உன் படம் ஒன்றுகூட அனுப்பியதில்லை. கேட்டால், என் மூஞ்சி நீ பார்க்காததா என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய்.

இந்தத் தடவை பெருமை பேச உட்காரவில்லை. ஒரு மாதமாக ஒரு விஷயத்தைச் சுமந்துகொண்டிருக்கிறேன். இதைச் சொன்னால் புரிந்துகொள்ள உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது என்பதற்காக உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை கார்த்திக் வந்தான். கையில் வட்டமாக ஒரு தகர டப்பா, துருப்பிடித்தது. பாட்டி, இது என்ன தெரியுதா என்று மூடியைத் திறந்தான். உள்ளே ஃபிலிம் இல்லை, வாடை மட்டும்தான் இருந்தது. அடியில் தங்கிப்போன ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் ஒரு புளித்த நெடி வருமே, அது. அதற்கும் அடியில் நம்முடைய வண்ணக் கோந்தின் வாடை இருப்பதாக எனக்குப் பட்டது. மூடியின் மேல் நம் மாஸ்டர் கையெழுத்து, பாதி அழிந்து.

நம் குங்குமப் படம்.

மாரேட்பள்ளியில் அந்தப் பங்களாவின் பின்கட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். முன்னறையில் முதலாளி, நடு ஹாலில் மாஸ்டர் குனிந்து பென்சிலால் வரைந்துகொண்டிருப்பார், பின்கட்டில் நீயும் நானும். தியேட்டரில் பெரிய படம் தொடங்குவதற்கு முன்னால் ஓடுமே, அந்த விளம்பரப் படங்கள். பல்பொடி டப்பா டான்ஸ் ஆடும், சோப்புக்கட்டி நதியில் படகு விடும். மாஸ்டர் வரைந்ததைக் கண்ணாடித் தாளின் முன்பக்கம் மசியால் கோடாக எடுப்போம். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவோம். முன்னால் பூசினால் தூரிகை போன தடம் தெரியும். பின்னால் பூசினால் முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு வழவழவென்று இருக்கும். பின்னாலிருந்து பூசுவதால் வரிசை எல்லாம் தலைகீழ். கருமணி முதலில், விழியின் வெள்ளை அதற்குப் பிறகு. பொட்டு முதலில், முகம் அதற்குப் பிறகு. முகத்தின் நிறம் பொட்டை மூடிக்கொண்டு போகும். நம் பக்கம் அது காணாமல் போய்விடும், தாளைத் திருப்பினால் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

தூசிக்கு நாம் பயந்த பயம் பெற்ற தகப்பனுக்குப் பயந்ததில்லை. பவுடர் போடக் கூடாது, தலையில் துணி கட்டிக்கொள்ள வேண்டும், விரல் நுனி வெட்டின கையுறை. ஒரு தலைமயிர் தாளில் கிடந்தால் திரையில் அது தென்னை மரம் மாதிரி விழுந்து கிடக்கும். கேமராக்கார காசிம் பாய் ஒவ்வொரு தாளையும் கண்ணாடிக்கு அடியில் வைப்பதற்கு முன் ரப்பர் குமிழால் ஊதி, மென்மயிர்த் தூரிகையால் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்துவார். அவர் மூச்சு விட்ட பிறகுதான் நாம் விடுவோம்.

அந்தப் படத்தை நினைத்தால் இப்போதும் மாஸ்டரைக் கும்பிடத் தோன்றுகிறது. மலைக்குப் பின்னால் சூரியன் எழும்பும். சிவப்பாகச் சறுக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும், வயலில் உருளும், வாசல் கோலத்தைச் சுற்றும், உருள உருளச் சின்னதாகும். ஜன்னல் வழியாக எகிறி உள்ளே வந்து, கண்ணாடி பார்க்கிற ஒரு பெண்ணின் நெற்றியில் போய் உட்காரும். ஒரு பேச்சு கிடையாது, வீணை மட்டும். கடைசியில் குங்கும டப்பா. அவ்வளவுதான்.

அந்தப் படம் பாதியில் இருக்கும்போது உன் வீட்டுக்காரர் போனார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து காய்ச்சலோடு வந்தவர் எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த மறுவாரமே நீ வேலைக்கு வந்தாய். போவன்பள்ளி வீட்டில் இரண்டு வாய் சோற்றுக்குக் காத்திருந்தன, வராமல் என்ன செய்வாய்? முதலாளியின் அம்மா, நாம் பெரியம்மா என்போமே, அந்தம்மாள் வாசலிலேயே உன்னை நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சட்டம் போட்டாள். குங்குமக் கம்பெனிக்காரன் நம்பிக் கொடுத்த வேலை. நெற்றியில் பொட்டு வைப்பது அவள் கையாக இருக்கக் கூடாது. பொட்டை நான் வைக்க வேண்டும், முகத்தை நீ பூசலாம். அந்தம்மாளும் உன்னைப் போல ஆனவள்தான். உன் முகம் போன போக்கைப் பார்த்து, "நான் தள்ளி உக்காந்துக்கல? நீயும் உக்காரு" என்றாள். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது எழுதும்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

சூரியன் மலையில் இருக்கும்வரை உன் கை படலாம். வயலில் உருளும்போது படலாம். கோலத்தைச் சுற்றும்போதும் படலாம். எல்லாம் ஒரே கிண்ணத்துச் சிவப்பு, நீதான் கலக்கினாய். ஜன்னல் தாண்டி நெற்றியில் ஏறினதும் கூடாது. இந்தக் கணக்கை யார் போட்டார்கள் சொல். நான் வைத்து உலர்த்தின பொட்டுகளை வாங்கி, அவற்றின் மேல் மாநிறத்தைப் பூசி மூடிக்கொண்டே இருந்தாய். ஒரு நாள் முழுக்க நீ செய்த வேலை பொட்டுகளை மூடுவதுதான்.

பம்பாய்க்கு ஃபிலிமை அனுப்ப வேண்டிய அன்று காலையில் குங்குமக்காரன் வந்து, அந்தப் பெண் கடைசியில் நம் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு வரைந்தார். எனக்கோ அன்று மூன்று நாள் கணக்கு. அந்தம்மாளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும், நானும் பொட்டு வைக்கக் கூடாது. முதலாளியின் மனைவி பிறந்த வீட்டில் இருந்தாள். மாஸ்டருக்குப் பென்சில்தான், வேறு யாருக்கும் தூரிகை பிடிக்கத் தெரியாது. முதலில் முகங்களை முடியுங்கள், பொட்டுக்கு யாரையாவது பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டு வெளியே போனார். முடித்தோம். நெற்றி காலியாக அத்தனை முகங்களும் உலர்ந்து வரிசையாகத் தொங்கின. யாரும் வரவில்லை.

காசிம் பாய் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் உருதுத் தமிழில் கத்தினார். "கைக்கு, எதுக்கு நிக்கறீங்க? ரயில் எனக்காக நிக்குமா? பொட்டு இல்லாம என்ன எடுக்கறது, அம்மா?" அந்தம்மாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உள்ளே போனாள்.

நீ எழுந்தாய். மெல்லிய தூரிகையைச் சூரியச் சிவப்பில் தோய்த்தாய். ஒவ்வொரு தாளாக, நேராக, முன்பக்கம், வைத்தாய். காசிம் பாய் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மாள் திரும்பி வரும்போது கேமரா ஓடி முடிந்திருந்தது. யார் வைத்தது என்று கேட்டாள். "நான்தான் வெச்சேன், அம்மா" என்றார் காசிம் பாய். அந்தம்மாள் யோசித்தாள். ஆம்பிளை கை, பரவாயில்லை என்று போய்விட்டாள். அதைக் கேட்டு அன்று நாம் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் எந்தக் கையும் ஆகும், உன் கை மட்டும் ஆகாது.

சாயங்காலம் நடந்து வரும்போது உன்னிடம் கேட்டேன். பின்பக்கம் பொட்டு அளவுக்கு நிறத்தைச் சுரண்டிவிட்டுச் சிவப்பை வைத்திருக்கலாமே, சுரண்டுகிற குச்சி கையருகேதானே இருந்தது, யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காதே. நீ நின்றுவிட்டாய்.

"பின்னால வெச்சா மறுபடி ஒருத்தர் வந்து மூடுவாங்க. வெச்சா முன்பக்கம் வெக்கணும்."

தியேட்டரில் அதைப் பார்த்தோம். அந்தப் பெண் கண்ணாடியிலிருந்து திரும்புகிறாள். திரும்பினதும் பொட்டு சட்டென்று பற்றிக்கொண்ட மாதிரி ஒரு சிமிட்டு நேரம் எரிகிறது, கொஞ்சம் மேடாக, கொஞ்சம் ஈரமாக. அதற்குள் டப்பா வந்துவிட்டது. நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. அடுத்த வாரமே அந்தத் தாள்களை எல்லாம் தொட்டியில் போட்டு நாமே கழுவினோம், அடுத்த படத்துக்கு வேண்டுமே. சோப்புக்கட்டி விளம்பரத்துக்கு என்று நினைக்கிறேன். உன் பொட்டு கரைந்து தண்ணீர் சிவந்தது. மிஞ்சினது அந்த ஃபிலிம்தான். அதற்குப் பிறகு நீ பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் குங்குமக்காரனின் பேரன்மார் பழைய படத்தையே டிவியில் விடப்போகிறார்களாம். சுத்தம் செய்கிற வேலை கார்த்திக்கின் கம்பெனிக்கு வந்திருக்கிறது. பாட்டி பூசின படம் பேரன் கைக்கு வந்தது என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். மடிக் கம்ப்யூட்டரைத் திறந்து முதலில் பழசைப் போட்டான். கறையும் மங்கலுமாக ஓடினது. திரும்பும் இடத்தில் நீ எரிந்தாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு தாங்கள் செய்ததைப் போட்டான். சூரியன் புதுசாக எழும்பினது, கோலம் பளிச்சென்று. பெண் திரும்பினாள். ஒன்றும் இல்லை. மற்ற பொட்டுகளைப் போலவே ஒரு பொட்டு, சாதுவாக.

"அங்க ஒரு எர்ரர் இருந்துச்சு பாட்டி, கலர் ஜம்ப் ஆகுது. ஃபிக்ஸ் பண்ணிட்டோம்."

அது போதாதென்று படம் முழுக்கக் கோடு கோடாக மழை பெய்தது. ஓரமெல்லாம் பழுப்பு. நடுவில் மயிர்த்துண்டுகள் நெளிந்தன. இது ஏன் போகவில்லை என்று கேட்டேன். போகாமல் இல்லையாம். இருந்த அழுக்கை முழுக்க எடுத்துவிட்டு, புது அழுக்கைக் கம்ப்யூட்டரில் செய்து மேலே தூவியிருக்கிறார்களாம். பழைய படம் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டுமாம்.

ஒரு தூசிக்காக நாம் தும்மலை அடக்கியிருக்கிறோம். இவர்கள் உட்கார்ந்து தூசி செய்கிறார்கள், அதற்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஏசி. பொய் அழுக்கை ஒட்டிவிட்டு உன்னைத் துடைத்திருக்கிறார்கள். அந்தம்மாள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நீ வைத்ததை, இத்தனை வருஷம் கழித்து என் பேரனே அந்தம்மாளாக வந்து எடுத்துவிட்டான். ஆத்திரத்தில் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்கக் கேட்க அவன் கண் பெரிதானது. மனசு இளகிவிட்டது என்று நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். விளம்பரக் கம்பெனிக்காரி, சென்னைப் பெண். காலைத் தொட்டுக் கும்பிட்டாள். செம ஸ்டோரி பாட்டி என்றாள். நான் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து உன் கதையைச் சொல்ல வேண்டுமாம். அதைத் தனியாக ஒரு படமாக்கி, குங்குமத்தின் பேரில் ஊரெல்லாம் காட்டுவார்களாம். சொன்னால் உன் பொட்டு இருக்கும், க்ளையன்ட் ஒத்துக்கொள்வார். சொல்லாவிட்டால் அது வெறும் தப்பு, எடுத்தது எடுத்ததுதான். நான் காபியை எடுத்து ஆற்றியதைப் பார்த்து அவள் சம்மதம் என்று எண்ணிக்கொண்டாள்.

"அவங்க போட்டோ இருக்கா பாட்டி? வெள்ளைப் புடவைல இருந்தா நல்லா இருக்கும்."

நீ வெள்ளை கட்டினதே இல்லை. கிளிப்பச்சையில் நெசவுக்கரை போட்ட புடவையில் வேலைக்கு வந்து அந்தம்மாளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவள்.

"பேசறப்ப கண்ல தண்ணி வந்தா தொடைக்காதீங்க, அப்படியே விட்டுடுங்க."

சீ என்று எழுந்துவிடத் தோன்றியது. அந்தம்மாளாவது உன் கையை விலக்கினாள். இவள் உன் கையை வெட்டியெடுத்து டப்பாவின் மேல் ஒட்டப் பார்க்கிறாள். குங்குமம் விற்க உன் வெறும் நெற்றி வேண்டுமாம். ஆனால் நான் எழுந்தால் உன் பொட்டு போய்விடும். பேசினால் நீ போய்விடுவாய். காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தேன்.

எந்தக் கதை என்று கேட்டேன். அந்தப் பெண் கார்த்திக்கைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான்.

"அதுவா? அது பெயின்ட் பிசகு, அம்மா. பேரன் கேக்கறானேன்னு நான் ஏதோ அளந்து விட்டேன். வயசாச்சில்ல."

அவள் முகம் விழுந்தது. அவள் பையை எடுப்பதற்குள், தூசியும் கீறலும் எதற்கு ஒட்டுகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். பழசு என்று தெரிய வேண்டும் இல்லையா என்றாள். "அப்ப நிஜப் பிசகு ஒண்ணு சும்மா கெடக்குதே, அம்மா. அதை எடுத்துட்டு பொய்ப் பிசகை ஒட்டுவானேன்?" என்றேன். சிரித்தாள். போனை எடுத்து யாரிடமோ இங்கிலீஷில் பேசினாள். பழைய கோளாறு ஒன்றை அப்படியே விட்டுவிடலாம், இன்னும் அசலாக இருக்கும் என்கிறாள் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. அதற்கு அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். தப்பு என்றால் இடம் இருக்கிறது பார்.

அவளை ஆட்டோ ஏற்றிவிட்டு கார்த்திக் படியேறி வந்தான்.

"பெயின்ட் பிசகுன்னு பொய்தானே சொன்னீங்க?"

"ஹவ்" என்றேன், காசிம் பாய் ஆமாம் சொல்வது போல.

அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். உன் கதையை ஆபீஸில் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, அந்தப் பொட்டு எரியும் இடத்தில் மட்டும் தூசி போடவில்லை பாட்டி, சுத்தமாக விட்டுவிட்டேன், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றான். பையன் தேறிவிடுவான். எல்லாம் பாஸ் என்பாயே, இவனை அன்றுதான் நிஜமாகப் பாஸ் போட்டேன்.

இப்போது சாயங்கால சீரியலுக்கு நடுவில் அது வருகிறது. மருமகள் அந்த நேரத்தில் சேனலை மாற்றினால் நான் கத்துகிறேன். பொய் மழைக்கு நடுவில் சூரியன் உருண்டு வருகிறது. அருவருப்பாகத்தான் இருக்கிறது. திரும்பும்போது நீ எரிகிறாய். அதற்குள் டப்பா வந்துவிடுகிறது.

என் வீட்டுக்காரர் போனபோது நீ நாசிக்கில் படுக்கையில் இருந்தாய், அதனால் சொல்லவில்லை. உறவுக்காரிகள் சுற்றி உட்கார்ந்து, ஈரத்துணியோடு என் நெற்றிக்கு வந்தார்கள். நக்கோ, வேண்டாம் என்றேன். ஒருத்தி, ஊர் என்ன சொல்லும் என்றாள். இவ்வளவு வருஷம் உன்னோடு உட்கார்ந்து வேலை செய்தவள் நான், என்னிடமா? மறுநாள் காலை கண்ணாடிக்கு முன் நின்று, எப்போதும் வைப்பதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக வைத்தேன். இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

உன் மகன் ரிடையராகி குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஹாலில் உன் படம். ஏதோ அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறான். கடைக்காரன் கம்ப்யூட்டரில் உன் சுருக்கம் எல்லாவற்றையும் நீக்கி, நெற்றியை மாவு தேய்த்த பலகை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான். அவனும் ஃபிக்ஸ் பண்ணிவிட்டான். சந்தனம் மட்டும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் அங்கே போவதையே விட்டுவிட்டேன்.

அதனால் இந்தத் தடவை கடைசி வரி என்னுடையது. புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. கிளிப்பச்சைப் புடவையில் எடு. கீறல் இருந்தால் இருக்கட்டும், தூசி விழுந்தால் விழட்டும், நான் துடைக்க மாட்டேன். பொட்டு மட்டும் முன்பக்கம் இருக்க வேண்டும்.